செம்பாவின் காலுக்கு மறு ஸ்கேன்

குதிரையேற்றம் எங்கே கற்கலாம் என்று இந்த வலைப்பூவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த முறை நான் போனது ஏறுவதற்கு இல்லை. நான் பழகிய குதிரை செம்பாவுக்கு நாலு மாதம் முன்பு முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாண் கிழிந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறு ஸ்கேன். ஆறவில்லை என்றால் அவளைக் கைமாற்றிவிடுவதாக உரிமையாளர் பாபு சொல்லியிருந்தார். வாங்குகிறவர் சாயங்காலமே வருவதாக ஏற்பாடு. எனக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை.

கொரட்டூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. ஆவடியில் பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "குதிர கட்டிக்கீற எடம்" என்று சொன்னால் ஓட்டுநர்களே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மண் பாதையில் ஐந்து நிமிட நடை.

நான் போனபோது செம்பா கயிற்றை இழுத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் இருந்த வைக்கோலை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு மருத்துவர் மடிக்கணினி அளவு ஸ்கேன் கருவியோடு வந்தார். அவர் குனிந்தவுடன் செம்பா அவருடைய பையையே கடித்து மெல்லப் பார்த்தாள்.

"என்னங்க, இவ்வளவு பசியில இருக்கா?"

"ராத்திரிலேர்ந்து ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா" என்றார் பாபு பெருமையாக. "எங்க ஊட்டுக்காரிக்கு ஸ்கேன் எடுக்கசொல்ல வெறும் வயித்தோட இட்டுனு வரச் சொன்னாங்கோ."

"அது வயித்துக்கு எடுத்த ஸ்கேன். இது காலுக்குங்க!"

பாபுவின் மனைவி அஞ்சலை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குதிரை திரும்பிப் பார்த்தது. வைக்கோலைக் கட்டித் தொங்கவிட்டதும் செம்பா அசையாமல் நின்றாள். மயக்க ஊசிக்கு வேலையே வரவில்லை.

முடி மழித்து, கழுவி, ஜெல் தடவி, முதலில் நல்ல காலைத்தான் பார்த்தார்கள். அதை வைத்துத்தான் மற்றதை ஒப்பிட வேண்டுமாம். திரையில் படிய வாரிய தலைமுடி மாதிரி வெள்ளைக் கோடுகள். அடுத்து அடிபட்ட கால். போன முறை நாவல் கொட்டை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்த இடம் இப்போது சாம்பல் நிறமாக இருந்தது. எனக்கு நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.

"கிழிசல் ரொம்பியிருக்கு. ஆனா நார் இன்னும் வரிசையா அமையல. இன்னும் மூணு மாசம் யாரும் ஏறக்கூடாது. தினம் கையில பிடிச்சு நடத்தணும், அப்புறம் மறுபடி பார்க்கலாம்."

"அப்போ ஆறலதானே? சாயங்காலம் வாங்கறவரு வராரே" என்றார் பாபு.

"ஆறிக்கிட்டிருக்கு. வாங்குறவரு பொறுமையில்லாம ஓடவிட்டா மறுபடி கிழிஞ்சிடும்."

பாபு போனை எடுத்தார். "அண்ணாத்தே, சாயங்காலம் வராத. குதிரய குடுக்கறதா இல்ல. இன்னாத்துக்கா? கால் ஆறிகினு கீது, அதான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெல் பட்ட கையால் துடைத்துக்கொண்டது தப்பு.

உங்கள் குதிரைக்கு ஸ்கேன் என்றால் சில யோசனைகள். நிழலும் சமதரையும் உள்ள இடமாகப் பாருங்கள், வெயிலில் திரை தெரியாது. காலில் மஞ்சள் பற்று எதுவும் போடாதீர்கள். பட்டினி போடுவதா வேண்டாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், வீட்டுக்காரம்மாவின் அனுபவத்தை நம்பாதீர்கள். பார்க்கப் போகிறவர்கள் மூடிய காலணி அணியுங்கள்.

தினமும் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், செம்பாவை வேலியோரமாக நடத்துகிறார்கள். சவாரி கற்கப் பதிவு செய்திருந்த எங்களில் மூன்று பேர் இப்போது ஞாயிறுதோறும் அதற்குத்தான் போகிறோம். யாரும் ஏறுவதில்லை. முறை போட்டுக் கயிற்றைப் பிடித்து, அவள் வேகத்துக்கு நடந்துவிட்டு வீடு திரும்புகிறோம்.