தீலாவைக் கொன்ற டிரைவர்

டிரைவர் பெனியமினா பாட்டை அணைத்துவிட்டால் பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு நடக்கும். சீட் கிடைக்காமல் அடுத்தவர் மடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இன்னும் வாகான மடியாகப் பார்த்து உட்காருவார்கள். சேம்புக் கூடைகள் காலுக்கடியில் போகும். கடைசி வரிசையில் மீன்கோவை வைத்திருப்பவர் அதை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொள்வார், வாலடிக்கிற சத்தம் கதைக்குக் குறுக்கே வரக்கூடாது என்று. அதற்குப் பிறகுதான் பெனி தொண்டையைச் செருமுவார்.

"நேத்து எங்க விட்டேன்?"

எங்கே விட்டார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார்.

சவாயீ தீவில் ஓடுகிற பஸ்களிலெல்லாம் பாட்டு அலறும். கதை ஓடுகிற பஸ் எங்கள் ஃபலேயுலு ஊரில் மட்டும்தான் உண்டு. போகிற இடத்திலெல்லாம் இதை நாங்கள் சொல்லாமல் வருவதில்லை. கடலோரத்தில் துருப்பிடித்துக் கிடந்த லாரியை இழுத்து வந்து, தானே மரம் அறுத்து, தானே பலகை அடித்து பெனி கட்டிய வண்டி அது. நெற்றியில் ஊர்ப் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருக்கும். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்பில் வேலி தாண்டி விட்டு வந்தவர். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்: "படிச்சவன் எழுதி வெச்சுட்டு மறந்துடுவான். எனக்கு எழுதவும் தெரியாது, மறக்கவும் தெரியாது."

கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ரோட்டோரத்தில் நிற்பவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். கதையில் கல்யாணம் என்றால் ஹாரன் அடிக்கும். சண்டை வந்தால் பள்ளம் மேடு பார்க்காமல் பஸ் பறக்கும். காதல் வந்துவிட்டால் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும், பன்றிகளெல்லாம் முந்திக்கொண்டு போகும். முக்கியமான இடத்தில் பெனி குரலைத் தாழ்த்திவிடுவார். பின்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயும். இறங்க வேண்டிய இடம் போனாலும் மணிக்கயிற்றை யாரும் இழுப்பதில்லை. பாதிரியாரே ஒருமுறை தேவாலயத்தைத் தாண்டிச் சந்தைவரை போய், வேறு வேலை இருந்ததுபோல ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இந்த வருஷம் ஓடியது தீலாவின் கதை. தீலா துறைமுகத்தில் அப்பம் சுட்டு விற்பவள். தாய் தகப்பன் இல்லை. தையல் மெஷினோடு வருகிறேன் என்று மீன்பிடிக் கப்பலில் போன புருஷன் வரவில்லை. ஒவ்வொரு கப்பல் வரும்போதும் ஒரு அப்பத்தை அவனுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். அவளும் கப்பலும் துறைமுகமும் பெனியின் வாயில் பிறந்தவை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சந்தையில் எங்கள் ஊர்ப் பெண்கள், "தீலா சுட்டா இதவிடப் பெருசா இருக்கும்" என்று அப்பக்காரியிடம் சண்டை போடுவார்கள்.

ஊர்த்தலைவர் லெவாசாவுக்கு முன் சீட்டு. சொந்த அண்ணன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கொட்டாவி விட்டவர் என்று பெயரெடுத்த மனிதர். தீலா வந்த நாளிலிருந்து சந்தையில் எந்த வேலையும் இல்லாமலே தினமும் பஸ் ஏறினார்.

ஒரு மழை நாளில் தீலா செத்துப்போனாள். கப்பல் வருகிறது என்று யாரோ சொல்ல, அப்பத்தட்டோடு ஓடியவள் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டாள். பெனிக்கே அது முன்கூட்டித் தெரியாது. வாய் போன போக்கில் அவள் போய்விட்டாள். நடுரோட்டில் பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து விம்மினார். நெற்றி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்ததால் ஊருக்கே சாவு தெரிந்தது.

லெவாசா எழுந்தார். கூரையில் தலை இடித்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

"கேக்க நாதியில்லாதவதானேன்னு கொன்னுட்டியாடா? அவளுக்கு நான் இருக்கேன்."

"தலைவரே, அது வெறும் கதை..."

"கதைன்னா கொல்லலாமா?"

இறங்கி மழையில் நடந்தார். கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் மொத்தமும் அவர் பின்னால் நடந்தது.

மறுநாள் லெவாசா கறுப்பு உடுத்தினார். கொலைகாரன் வண்டியில் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கவே வேண்டாம். பெண்களெல்லாம் பெரிய ரோட்டுக்கு நடந்து பக்கத்து ஊர் பஸ்ஸைப் பிடித்தார்கள். பெனி வீம்புக்குக் காலி வண்டியை ஓட்டினார். காலி சீட்டுகளுக்குக் கதை சொல்லிப் பார்த்தார். ஒரு வரி வரவில்லை. கையால் கட்டிய வண்டி கடலோரத் துருவுக்கே திரும்பிப் போகிறதோ என்று அன்றுதான் முதல்முறையாகப் பயந்தார்.

வீட்டில் மனைவி மசினா சீமைப்பலாவை வெந்தும் வேகாமலும் முன்னால் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீயுமா?" என்றார்.

"கொல்றதுக்கு முந்தி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டியா?" முதுகைத் திருப்பாமலே சொன்னாள்: "கொன்னவன் செய்ய வேண்டியதைப் போய்ச் செய்."

எங்களிடம் அதற்கு முறை உண்டு. கொன்றவன் வீட்டிலிருப்பதிலேயே நல்ல பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, விடியும்போது செத்தவருடைய சொந்தக்காரர் வீட்டு முன்னால் குனிந்து உட்கார வேண்டும். அவர் வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னிப்பு. தூக்கும்வரை உட்கார வேண்டியதுதான். கதையில் செத்தவளுக்காக இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பமில்லை. லெவாசா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

மசினா தன் கல்யாணத்துக்கு வந்த பாயை எடுத்தாள். பட்டுப்போல மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. "கிழிஞ்சுது, உன்ன இதுலயே சுத்திப் பொதைச்சுடுவேன்" என்று சொல்லிப் போர்த்திவிட்டாள்.

லெவாசாவின் சுவரில்லாத வீட்டில் அவர் தூணில் சாய்ந்து கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார். புல்தரையில் இருந்த பாயை அவர் பார்க்கவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது, அவ்வளவு கவனமாகப் பார்க்காமலிருந்தார். சந்தைக்குப் போக வேண்டிய பெண்கள் கூடையோடு சுற்றி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. பாய்க்குள் பெனிக்கு வேர்வை கண்ணில் வழிந்தது. வெளியே இத்தனை காதுகள் காத்திருப்பது தெரிந்தும் அந்த வாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? முணுமுணுவென்று ஆரம்பித்தது.

"...அவளைப் பொதைச்ச மறுநாள் கப்பல் வந்துச்சு. ஒருத்தன் எறங்குறான். தலையில சாக்கு சுத்தின மெஷினு. அப்பக்கடைக்கு நேரா வர்றான். கடையில யாரும் இல்ல. அவனுக்குன்னு எடுத்து வெச்ச தட்டு மட்டும் இருக்கு. தட்டுல ஒரே ஒரு அப்பம்..."

பெண்கள் முழங்காலால் நகர்ந்து நெருங்கினார்கள். லெவாசாவின் கோக்கோ உதட்டுக்கு வரும் வழியில் நின்றது.

"அவன் அந்த அப்பத்தை எடுத்து..."

முக்கியமான இடம். பழக்கப்படி குரல் தாழ்ந்தது. மிச்சத்தைப் பாய் விழுங்கிவிட்டது.

"எடுத்து என்ன பண்ணான்?" லெவாசா பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

"கேக்கல தலைவரே."

"காது எதுக்கு வெச்சிருக்க?"

கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கி வந்தார். பாயின் ஓரத்தைப் பிடித்தார். தூக்கப்போகிறார் என்று ஊர் மூச்சை அடக்கியது. தூக்கினால் மன்னித்ததாகிவிடுமே என்பது அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார். உள்ளே முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பை மண்டியிட வைத்து, பாயைத் தூக்காமல், தலையை நுழைத்து உள்ளே தவழ்ந்து போய்விட்டார்.

ஒரு பாய்க்குள் இரண்டு முதுகு. இதற்கு முறை என்ன என்று பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. பெரிய ரோட்டில் பக்கத்து ஊர் பஸ் ஹாரன் அடித்து, காத்திருந்து, மறுபடி அடித்துவிட்டுப் போனது. ஒரு கூடைகூட அசையவில்லை.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பாய் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. "இறகு கொட்டப்போகுது" என்றாள் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த மசினா, யாருக்கும் கேட்காதபடி.

அப்போது பாயின் ஓரத்திலிருந்து லெவாசாவின் கை வெளியே வந்தது. புல்லில் அங்குமிங்கும் தடவியது. தோளிலிருந்து விழுந்து கிடந்த துண்டைக் கண்டுபிடித்து, அதை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது.