எங்க வீட்டு பெல்லு கடிக்கும்

உங்க வீட்டு காலிங்பெல்லை என்னைக்காவது வெறுங்காலோட நின்னு அமுக்கிப் பாத்திருக்கியளா?

போன ஐப்பசி மழையில நடந்தது. வடசேரிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். சுவத்துல மரச்சட்டம் அடிச்சு, அது மேல வயர் ஓடும். வாசல்ல பித்தளைத் தட்டு வச்ச பெல் சுவிட்சு, செம லுக்கு. ஆனா தெருவுல ஒருத்தரும் அதைத் தொடமாட்டாங்க. கேட் கொண்டியைத் தட்டி கத்துவாங்க. நம்மள மதிக்கலன்னு அம்மாவுக்கு ஒரே கடுப்பு.

பக்கத்து வீட்டு மாமிகிட்ட ஏன்னு கேட்டேன். "ஏட்டி, உங்க வீட்டுல கடிக்கும்லா"ன்னாங்க.

"நாயே இல்லையே மாமி?"

"நாயில்லாட்டியும் கடிக்கும்"னு சிரிச்சிட்டே போயிட்டாங்க. அம்மாவைத்தான் சொல்லுறாங்கன்னு நெனச்சு நான் வீட்ல மூச்சு விடல.

ஒருநாள் சாயங்காலம் எங்க வீட்ல ஜெபக்கூட்டம். நல்ல மழை. பஜ்ஜி வாங்கிட்டு வந்தவ, சேறான செருப்பைப் படியிலயே கழட்டிட்டு, ரெண்டு கையிலயும் பை இருந்ததால முழங்கையால பெல்லை அமுக்கினேன். சுள்ளுன்னு தோள் வரைக்கும் இழுத்துச்சு. பஜ்ஜியெல்லாம் படியில.

இத்தனை நாளா எனக்கு ஏன் அடிக்கல? நான் ரப்பர் செருப்போடதான் அமுக்குவேன். மத்தவங்க கழட்டி வச்சிட்டு ஏறுவாங்க. கூட்டத்துக்கு சின்னப் பிள்ளைங்களும் வரும். ஈரக் கால், பெல்லைக் கண்டா கை சும்மா இருக்காது. ஓடிப்போய் டெஸ்டரை எடுத்தேன்.

நான் இ.இ.இ., எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சவ. டெஸ்டரை தட்டுல வச்சாலே எரியுது. ஹால் சுவிட்செல்லாம் அணைச்சேன், அப்பவும் எரியுது. மெயினை இறக்கினதும்தான் செத்துச்சு. கழட்டிப் பாத்தா, கரண்டு முதல்ல வாசலுக்கு வந்து, சுவிட்சைத் தாண்டித்தான் உள்ள பெல்லுக்குப் போகுது. அமுக்காட்டியும் வாசல் வரைக்கும் எப்பவும் நிக்கும். வயரைச் சுத்தின துணி உதிர்ந்து, செம்பு தட்டுல உரசிட்டு கெடக்கு. வயர் போன வழியே போனேன். அடுக்களை லைட் லைன்லருந்து ஒரு ஜாயிண்ட். அங்கயே பிரிச்சு, டேப் சுத்தி, சுவிட்சைத் திரும்ப மாட்டி, மெயினைப் போட்டு மறுபடி தட்டுல டெஸ்டர் வச்சேன். எரியல.

அதுக்குள்ள பிள்ளைங்க படியேறி போட்டி போட்டு அமுக்குது.

"அக்கா, பெல்லு அடிக்கலையே!"

"அடிக்காது மக்கா"ன்னேன்.

பின்னாடியே மாமி. "நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

"என்னத்த சொன்னிய?"ன்னு அம்மா. நான் பஜ்ஜி பொறுக்கப் போயிட்டேன்.

இப்பல்லாம் யாராவது சிரிச்சிட்டே கடிக்கும்னு சொன்னா, எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம விடமாட்டேன்.

அந்த சுவிட்சை அப்புறம் கழட்டிப் போட்டாச்சு, ஓட்டையில இப்ப டேப்புதான் ஒட்டியிருக்கு. வந்தா கொண்டியைத் தட்டுங்க.