அவளுடைய முதல் திருவிருந்து

மூன்று வருடங்களுக்கு முன், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சின்ன ஆலயத்தில் நடந்தது இது. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பதுளையிலிருந்து போதகர் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் வேதபாடம் சொல்வது நான். பாலர் பாடசாலை டீச்சர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்ததை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பசறைப் பக்கமிருந்து ஒருத்தி கல்யாணமாகி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். ஞானஸ்நானம் எடுத்தே ஒரு மாதம்தான். ஆனால் ஜெபம் செய்ய வாயைத் திறந்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷனோடு சண்டையா, பெண்கள் என் வாசலைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். நானோ மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள்! வயிறு எரிந்தது. பச்சையாகச் சொல்கிறேன், இவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். வழியில் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அந்த மாதத் திருவிருந்துதான் அவளுக்கு முதலாவது. அன்றும் போதகர் வந்து சேரும்வரை பாடம் சொன்னது நான்தான்; ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேசினேன். அந்தக் காலத்து விசுவாசிகள் மனத்தாங்கலோடு அப்பம் பிட்க மாட்டார்கள், முதலில் சமாதானமாகிவிட்டுத்தான் பந்திக்கு வருவார்கள் என்றேன். தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டிருந்த இரண்டு பெண்களை மனதில் வைத்துத்தான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

எழுந்து வந்தது அவர்கள் இல்லை, இவள்!

"டீச்சரக்கா, எம்மேல ஒங்களுக்கு என்னமோ வருத்தம் இருக்கு. நான் என்னா தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சிருங்க" என்றாள், எல்லார் முன்னாலும்.

"அய்யோ, ஒண்ணுமில்ல, போய் ஒக்காரு" என்றேன். உள்ளே கொதித்தது. பாடம் சொன்னது நான், பேர் வாங்கிக்கொண்டு போவது இவளா?

போதகர் வந்து அப்பத்துக்கு அழைத்தபோது எல்லாரும் முன்னால் போனார்கள். என்னால் எழ முடியவில்லை. சற்றுமுன் பொய் சொன்ன வாயில் அப்பத்தை எப்படி வாங்குவது? ஒரு மாதம்கூடத் தவறாதவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். தலை தூக்க வெட்கம். வரிசையில் நின்றிருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ. விட்டா இனி அடுத்த மாசந்தான்" என்றேன்.

"நீங்க வராம நான் மட்டும் எப்புடிக்கா போறது?"

அதற்குமேல் தாங்கவில்லை. "பொறாமைடி. நீ ஜெபம் பண்ணா எனக்கு வயிறு எரியுது. வேற ஒண்ணுமில்ல" என்று அவள் காதோரம் சொல்லிவிட்டேன்.

"அம்புட்டுத்தானாக்கா?" என்று சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து எழுப்பினாள். கடைசி ஆட்களாக இருவரும் சேர்ந்து போய் முழங்காலிட்டோம்.

அந்தப் புகைச்சல் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் அவள் ஜெபம் செய்யும்போது சில நாள் வருகிறது, வந்தால் நேரே அவளிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன், அதன்பிறகுதான் அப்பத்துக்குக் கை நீட்டுகிறேன்.