பீப்பாய்க்கு நின்ற வரிசை

மே மாதம் வந்தால் என் கம்பெனி ஆட்களைக் குடும்பத்தோடு இரண்டு ஏசி பஸ்ஸில் ஏற்றி, சென்னைப் பக்கம் இருக்கும் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்கு அனுப்பிவைப்பது என் வழக்கம். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனி என்னுடையது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி என் பெயரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரன் மறுபேச்சு பேசாமல் கொண்டுவந்து விட்டுவிடுவான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எம்.பி.ஏ. படித்த பையன் ஒருவன் தினமும் காலையில் என் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்லிவிட்டுத்தான் தன் அறைக்குப் போகிறான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் எதையும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது, பிபி இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். என் பிள்ளைகளும் அதை நம்பிவிட்டார்கள். வெயில் எனக்கு என்ன செய்யும்? வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு இது. சின்ன வயதில் ஒரே ஒரு முறை அப்படியொரு பூங்காவுக்குப் போனேன். அந்த ஒரு முறையே எனக்குப் போதும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தொண்ணூற்று மூன்றாக இருக்கும், அல்லது நான்கு. அப்பா பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நல்லபடியாக முடிந்ததில் முதலாளி பாய் சந்தோஷப்பட்டு, எல்லோரையும் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய்வரச் சொன்னார். பஸ்ஸும் டிக்கெட்டும் அவர் பொறுப்பு. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவின் வேலை, பதப்படுத்திய தோலை வெயிலில் விரித்துக் காயவைப்பது. அதற்கு முன்னால் அவர் டிரம் ஓட்டியவர். டேனரி டிரம் ஒரு குடிசை உயரத்துக்கு மரத்தால் செய்த உருளை. தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே கொட்டி மோட்டாரைப் போட்டால் நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். டிரம் ஓட்டுகிறவனுக்கு டேனரியில் தனி மரியாதை. அதை விட்டுவிட்டு அப்பா ஏன் வெயிலுக்கு வந்தார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. என் வகுப்பில் படித்த, டேனரி மேஸ்திரியின் பையன் மட்டும் அடிக்கடி சொல்வான்: "உங்கப்பாவுக்கு மிஷினு வராதுடா. அதான் வெளிய போட்டுட்டாங்க." நானும் அதை நம்பினேன்.

பஸ் பூங்கா வாசலில் போய் நின்றபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று காவலாள் கையை நீட்டிவிட்டான். எங்கள் பெண்கள் புளிச்சோறும், தயிர்ச்சோறும், ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணியும் கொண்டுவந்திருந்தார்கள். திரும்ப பஸ்ஸில் வைத்தால் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். "தூக்கியா எறியறது? ஒக்காருங்க எல்லாரும்" என்றாள் அம்மா. டிக்கெட் கவுன்டர் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, காலை ஒன்பது மணிக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தோம். காவலாளுக்கும் ஒரு தட்டு பிரியாணி போனது. தின்று கை கழுவிவிட்டு, "தண்ணி பாட்டிலையாவது எடுத்துட்டு போங்கக்கா" என்று இரக்கப்பட்டான்.

உள்ளே ஊரே திரண்டிருந்தது. எந்த விளையாட்டுக்குப் போனாலும் வரிசை, வரிசையின் மேல் வெயில். பிள்ளைகள் கத்தினார்கள், பெரியவர்கள் ஒருவரையொருவர் முறைத்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பதினொரு மணிக்கெல்லாம் மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் அசரவில்லை. துண்டைக் குழாயில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தங்கைக்கு வேர்க்குரு பொரிந்து அழுதபோது, அவளையும் அம்மாவையும் ஒரு சுவரோரம் உட்காரவைத்து, "ஒரு மணி ஆச்சின்னா அந்தாண்ட நவுந்துக்கோங்க, நெழலு அங்க வந்துரும்" என்றார். சொன்னபடியே ஒரு மணிக்கு நிழல் அங்கே வந்தது. தோல் காயவைக்கிறவருக்கு இது பெரிய வித்தையா என்று நான் மனதுக்குள் அலட்சியமாக நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு விளையாட்டு. ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்கிற அளவில் ஒரு பெரிய மரப் பீப்பாயைப் படுக்கவைத்திருந்தார்கள். அது மெதுவாக உருளும். இந்த வாயில் நுழைந்து, விழாமல் நடந்து, அந்த வாயில் வெளியே வரவேண்டும். உள்ளே மேலிருந்து தண்ணீர் தூறிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகவே கூட்டம் அங்கே அப்பியது. மேஸ்திரி பையன் காலையிலேயே போய்வந்து, தலை சொட்டச் சொட்ட என் முன்னால் நின்று, "உள்ள ஐஸ் மாதிரி இருக்குதுடா. நீ போவலியா?" என்றான். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வரிசை ஒரு தகரக் கொட்டகையைச் சுற்றி வளைந்து நின்றது. கடைசியில் நிற்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. "தண்ணி விளையாட்டு நைனா, அது மட்டும் போதும்" என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "நீ போய் அம்மாகிட்ட நெழல்ல ஒக்காரு, கிட்ட வந்ததும் கூப்புடறேன்" என்று சொல்லி அப்பா எனக்காக வரிசையில் நின்றார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பார். நான் நடுநடுவே ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். துண்டு காய்ந்து விறைத்துப்போயிருக்கும். "இன்னும் கொஞ்சம்தான், போ போ" என்று விரட்டுவார்.

அப்பா கூப்பிட்டபோது ஓடிப்போனேன். வரிசை கொட்டகை முனையைத் திரும்பியது. பீப்பாய் எதிரில் உருண்டுகொண்டிருந்தது. அப்பா அப்போதுதான் அதைப் பார்த்தார். நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுவாடா?" என்றார்.

"ஆமா. வா நைனா."

வாசலில் நின்ற பையன், "பெரியவங்க கையப் புடிச்சினு போவணும் தம்பி, தனியா உடமாட்டோம்" என்றான்.

"வேணாம்டா கண்ணு. வேற எதுனா போலாம்" என்றார் அப்பா. அவர் என்னைக் கண்ணு என்று அழைத்து வெகுநாள் ஆகியிருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "யோவ், போறியா இல்லியா? வெயிலு மண்டையப் பொளக்குது!" என்று ஒருவர் கத்தினார். எங்கள் டேனரி ஆட்கள் நாலைந்து பேரும் மேஸ்திரியும் வரிசையில் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். பக்கத்தில் அவர் பையன், இரண்டாவது முறை போக. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதோடு எனக்குப் புத்தி போய்விட்டது.

"நீ பயந்தாங்கொள்ளி! உனக்கு மிஷினப் பாத்தா பயம்! அதான் உன்ன டிரம்முலேர்ந்து தொரத்திட்டாங்க, எல்லாருக்கும் தெரியும்!" என்று கத்தினேன்.

மேஸ்திரி மட்டும், "டேய், கம்முனு கெட. இன்னா பேசற நீ?" என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் சொன்னது உண்மை என்பதால்தான் எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரை நான் பேச்சில் மடக்கியிருக்கிறேன். வங்கி மேனேஜரை மடக்கியிருக்கிறேன், ஜெர்மனியிலிருந்து வந்த துரையை மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு வந்த தெம்பு அதன்பின் எதிலும் வந்ததில்லை. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்தார். வாசல் பையனிடம், "தம்பி, உள்ள யாரும் இல்லியே?" என்று கேட்டார்.

"எல்லாம் அந்தாண்ட போய்ட்டாங்க. நீங்க போங்க சார்."

"நீ பாத்தியா?"

"ஐய, போங்க சார்."

அப்பா குனிந்து பீப்பாய்க்குள் தலையை விட்டு, "யாருப்பா உள்ள?" என்று உரக்கக் கூவினார். பின்னால் ஒரே சிரிப்பு. "பேய் கீதான்னு பாக்கறாருடா" என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது.

உள்ளே நுழைந்தோம். நாலு அடிகூட வைத்திருக்கமாட்டோம். ஈரப் பலகை காலுக்கடியில் நகர்ந்ததும் அப்பா விழுந்தார். எழப் பார்த்தார், பீப்பாய் அவரை உருட்டிப் பக்கவாட்டில் தள்ளியது. சிறு பிள்ளைகள் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டே வெளியே வருகிற இடம் அது. அப்பா ஒரு கையால் என்னை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டு, மறு கையால் பலகையை ஓங்கி ஓங்கி அறைந்தார். "நிறுத்து! ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!" என்று அலறினார். நான் கேட்டறியாத குரல் அது.

பீப்பாய் நின்றது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் அப்பாவின் கையை உதறிவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். அந்தப் பக்கம் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு நின்ற ஒரு பட்டணத்துப் பையன் கண்ணெல்லாம் சிரிப்பாக, "அது யாரு, உங்கப்பாவா?" என்று கேட்டான்.

"இல்ல. எங்க ஊர்க்காரரு" என்றேன்.

சொல்லித் திரும்பினால், அப்பா என் பின்னால்தான் நின்றிருந்தார். உடம்பெல்லாம் நனைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல். செருப்பைத் தேடப் போகிறவர்போல மறுபடி பீப்பாய் பக்கம் போய்விட்டார்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். குடும்பத்துக்கு நான்தான் என்று ஆனது. அதே டேனரியில் எடுபிடியாகச் சேர்ந்து, பதினெட்டு வயதில் டிரம் வேலைக்குப் போனேன். முதல் நாள் சுவிட்சில் கை வைக்கும்போது மேஸ்திரி என்னைத் தடுத்து, ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது.

"அதும் ஒரு மே மாசம்தான். மத்தியானம். வெயிலு தாங்கல. காலி டிரம்முல படுத்தா குளிர்ச்சியா இருக்கும்னு உங்கப்பன் தோஸ்த்து ஒருத்தன் சாப்ட்டுட்டு உள்ள போய்ப் படுத்துட்டான். அப்பல்லாம் நாங்க அல்லாரும் படுப்போம். உங்கப்பன் வந்து, 'யாருப்பா உள்ள'ன்னு கூப்ட்டான். ஒரு தடவதான் கூப்ட்டான். அவன் நல்லாத் தூங்கிட்டான், சத்தம் குடுக்கல. 'லேட்டாவுது, சுவிட்ச போடுப்பா'ன்னு சொன்னது நான். போட்டுட்டான்." அவர் டிரம்மின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யாரும் அவன வெளிய போடல. அவனேதான் இனிமே சுவிட்ச தொடமாட்டேன்னு வெயிலுக்குப் போய்ட்டான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கினு இருந்தான்" என்றார்.

பயந்தாங்கொள்ளி என்று நான் கத்தியபோது தரையைப் பார்த்தவர்கள் எதை நினைத்துக்கொண்டு நின்றார்கள் என்று அன்றைக்கு விளங்கியது. அந்தப் பீப்பாய்க்குள் அப்பா யாரைப் பார்த்தார் என்பதும் விளங்கியது. ஆனால் என்னை விடாமல் அரிப்பது இவை இரண்டும் அல்ல. பூங்காவிலிருந்து கிளம்பிய நேரம் ஒன்று இருக்கிறது.

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். நாள் முழுக்க வெயிலில் நின்ற பஸ் அடுப்பு மாதிரி கொதித்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனபோது அப்பா படிக்கட்டுப் பக்கம் நின்று, "இருப்பா" என்று தடுத்தார். குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவரவர் குரல் கொடுத்தார்கள். மேஸ்திரி பையன், "பிரசன்ட் சார்" என்றான், பஸ் சிரித்தது. கடைசியில் என் பெயர் வந்தது.

நான் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. அப்பா இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"அதோ ஒக்காந்துனுகிறான் பாருய்யா. எடுக்கலாமா?" என்றார் டிரைவர்.

"தெரியுது. அவன் சத்தம் குடுக்கட்டும்" என்றார் அப்பா.

அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் சொன்ன பொய்க்குப் பழிவாங்குகிறார், எல்லோர் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். வெக்கையில் குழந்தைகள் அழத் தொடங்கின. மூன்றாம் முறையும் என் பெயரைச் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

"இருக்கான், இருக்கான்" என்று அம்மாதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாற்போலச் சொன்னாள்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் டிரைவரிடம், "சரி, போலாம்" என்றார்.