படிப்பு நேரத்துப் பூட்டு

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் நான் வார்டனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. காலையில் எழுப்புவது, தலை பின்னிவிடுவது, காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது, வீட்டு நினைப்பில் அழுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, எல்லாம் என் வேலை. பிடித்துத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பள்ளியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மாலையில் படிப்பு நேரம். பிள்ளைகள் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து படிக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்ததும் ஹாலுக்குப் பின்னாலிருந்த கழிப்பறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டு மணி அடித்தால்தான் திறப்பு. எப்போதோ சில பெண்கள் அங்கே நின்று கதை பேசினார்களாம். பேசியது நாலைந்து பேர், பூட்டு எல்லோருக்கும். நான் கேட்டபோது, படிப்பு நேரத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை, "பழகிக்குவாங்க மிஸ்" என்றார்.

பழகித்தான் போனார்கள். எப்படிப் பழகினார்கள் என்பது ஒரு பெண் காய்ச்சலில் படுத்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அவள் பல்லடத்துக்காரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவள் ரகசியம் சொன்னால்கூட வராந்தா முழுக்கக் கேட்கும். அதட்டினால், "தறிச் சத்தத்துல வளந்தவங்க மிஸ், மெதுவாப் பேச வராதுங்க" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்புக்கு மேலே முதுகில் கை வைத்தால் துடித்தாள். பள்ளி வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு அவளிடம் குனிந்து, "ஏன் கண்ணு, தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார்.

"மத்தியானத்துக்கு மேல குடிக்க மாட்டமுங்க டாக்டர். குடிச்சா போகோணுமில்லீங்க. அங்க பூட்டியிருக்கும்."

'குடிக்க மாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. 'மாட்டோம்' என்றாள். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவளை வார்டில் சேர்த்து, வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, நேரே பிரின்சிபாலிடம் போனேன். அவரும் ஒரு பெண்தான். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர். முழுவதும் கேட்டுவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க மிஸ், இதுக்கும் பூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? வெயில் காலம், சூடு புடிச்சிருக்கும். எளநி வாங்கிக் குடுங்க."

"டாக்டர் சொன்னதைத்தாங்க மேடம் சொல்றேன். சாவியையாவது எங்கிட்டக் குடுங்க. நான் கூடவே நின்னு அனுப்பறேன்."

"ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? இன்னைக்கு இதைத் தெறந்து உட்டா நாளைக்கு எதைக் கேப்பாங்களோ."

பேசிக்கொண்டே அவர் எழுந்து, அறையை ஒட்டியிருந்த தன் கழிப்பறைக்குள் போய் வந்தார். அந்தக் கதவுக்கு வெளியே பூட்டு கிடையாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் ஊரில் எதை மறுத்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் மறுப்பார்கள். அன்றைக்கு அந்த 'ங்க' எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

சில நாட்களில் அவள் தேறி விடுதிக்குத் திரும்பினாள். கூட்டிப்போக அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். அப்பா மகளைத்தான் வைதார். "தண்ணி குடிக்கோணும்னு உனக்கு ஒருத்தர் சொல்லோணுமா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரின்சிபால் காபி வரவழைத்தார். அம்மா தம்ளரைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்தக் கதவு எங்கீங்க இருக்குது?" என்றார்.

அப்போது படிப்பு நேரம். நான் அழைத்துப் போனேன். பிரின்சிபால் பின்னாலேயே வந்தார். ஹாலைக் கடந்து போய் அந்த அம்மா பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். "இதைத் தெறந்து உடுங்க. எனக்குப் போகோணும்."

"ஆபீஸ்ல விருந்தாளிகளுக்குத் தனியா இருக்குதுங்க, அங்க வாங்க."

"வேண்டாமுங்க. என்ற புள்ள போற எடத்துக்கே போறனுங்க."

"இப்ப முடியாதுங்க, படிப்பு நேரம்."

"அப்ப மணி அடிக்கற வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார். ஹாலில் ஒரு பிள்ளையும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கணவர் வந்து, "வா, போலாம்" என்று கூப்பிட்டார். அந்த அம்மா அசையவில்லை. கடைசியில் பிரின்சிபால் ஆயாவுக்குக் கண் காட்ட, சாவி வந்தது.

அந்த அம்மா உள்ளே போனார். அவர் வெளியே வருவதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் அனுமதி கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி ஹால் அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றது. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. இத்தனை பிள்ளைகள் இத்தனை நாளும் அடக்கிக்கொண்டு அல்ஜீப்ரா போட்டிருக்கிறார்கள். பிரின்சிபால் அந்த வரிசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பூட்டு இல்லை. அதற்குப் பதிலாக ஆசிரியை மேசையில் ஒரு மரக்கட்டை வந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். அதைக்கூடப் பெரிய சலுகையாக அறிவித்தார்கள்.

என்னைக் கூப்பிட்டு, "வெளியாளுகளை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்று கேட்டார்கள். பெற்ற தாய் வெளியாளா என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்த வருடம் முடிந்ததும், இனி நான் வர வேண்டியதில்லை என்றார்கள். அதற்கு முன்பு நடந்த ஆண்டு விழா மேடையில் அதே பிரின்சிபால், தாய்க்குத் தாயாக இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பேசினார். பெற்றவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

பல்லடத்துப் பெண் திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவள் அம்மா போனில் சொன்னார். பள்ளியிலிருந்து யாராவது விசாரித்தார்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க மிஸ். நீங்க ஒருத்தர்தான்."