ஏறும்போது எடுத்த கணக்கு

என் மேசைமேல் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே இரண்டு எவர்சில்வர் தகடுகள், மூடியில் ரப்பர் குழாய் நுழைய ஒரு துளை. ஹைட்ரஜன் பேருந்துகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவளின் மேசையில் இது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இதுதான் எங்கள் வீட்டு ஹைட்ரஜன் வண்டி என்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

என் அண்ணன் திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் அம்பாசிடர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குள் புதுப்புது கார்கள் வந்து இறங்கிய காலம் அது. அம்பாசிடரைக் கை காட்டி நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள். ஸ்டாண்டில் பலர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அண்ணனுக்கும் விசா வந்திருந்தது. கைக்குழந்தையை விட்டுப் போகத்தான் மனமில்லை. அப்போது சென்னையில் யாரோ சொன்னதைக் கேட்டு இந்த பாட்டிலைச் செய்து பானெட்டுக்குள் கட்டினார். சோடா உப்பு கலந்த தண்ணீரில் பேட்டரி கரண்டு பாய்ந்தால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். அது குழாய் வழியாக இன்ஜினுக்குப் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் புதிதாக எதைப் பொருத்தினாலும் திருமலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டுத்தான் ஓட்டுவார்கள். அண்ணனும் போட்டார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், பெருமாள் காலடியிலிருந்து கணக்கு தொடங்கினால்தான் ராசி என்று அங்கேயே டேங்க்கை நிரப்பினார். புத்தூர் வந்து மறுபடி நிரப்பினால் பெட்ரோல் கொஞ்சம்தான் பிடித்தது. அடுத்த சவாரிகளிலும் மலைமேல்தான் கணக்கைத் தொடங்கினார். மலை இறங்குகிற வண்டிக்குப் பெட்ரோலே அதிகம் வேண்டாம் என்பது ஸ்டாண்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தண்ணீர்க் கார் என்ற அர்த்தத்தில் ‘நீள்ள காரு’ என்று தெலுங்கில் பெயர் வைத்து, தங்கள் வண்டிக்கும் பாட்டில் கட்டித் தரச்சொல்லி வரிசையில் நின்றார்கள். அண்ணன் குவைத் போகவில்லை என்று அறிவித்தார். அம்மா பாயசம் வைத்தார்.

அண்ணி மட்டும் பாயசத்தைத் தொடவில்லை. திருப்பதியில் கெமிஸ்ட்ரி படித்தவர் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷன் வீட்டோடு இருப்பார். ஆனால் ஊரார் வண்டிகளிலும் அந்த பாட்டில் ஏறும். குழந்தையை மடியில் போட்டுத் தட்டியபடியே மெதுவாகத்தான் கேட்டார்.

“பாட்டிலுக்குக் கரண்டு பேட்டரிலருந்து வருது. பேட்டரிக்கு இன்ஜின் குடுக்குது. இன்ஜினுக்குப் பெட்ரோல் நீங்க ஊத்துறீங்க. அப்ப தண்ணி இன்னாங்க பண்ணுது?”

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் கீழிருந்து மேலே ஏறிப் பார்ப்போம் என்றார் அண்ணி. திருப்பதியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஒரு நாள் பாட்டிலுக்கு ஒயரை மாட்டி ஏறினோம். மறுநாள் கழற்றிவிட்டு ஏறினோம். இரண்டு நாளும் அண்ணி குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மேலே போய் மறுபடி நிரப்பியபோது இரண்டு நாளும் பெட்ரோல் ஒரே அளவுதான் பிடித்தது. அண்ணன் பாட்டிலைக் கழற்றி டிக்கியில் வைத்தார். அந்த மாதமே குவைத்துக்குப் போனார். குழந்தை நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் போட்டோவில்தான் பார்த்தார்.

இன்று நான் சோதிக்கும் பேருந்து ஹைட்ரஜனை டேங்க்கில் நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து கரண்டு எடுத்து ஓடுகிறது. பின்னால் தண்ணீர்தான் சொட்டுகிறது. இது நடக்கிற காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் எடுத்த கரண்டால் ஹைட்ரஜன் செய்தால், தொலைதூரப் பேருந்துக்கும் லாரிக்கும் இது கட்டுப்படியாகும். ஊருக்குள் ஓடுகிற சின்னக் காருக்கு பேட்டரியே போதும். எந்த வண்டியானாலும் அண்ணி கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

போன மாதம் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மேசைமேல் பாட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “உன் பஸ்ஸுக்கு ஏறும்போது கணக்கு எடுத்தியா பாப்பா?” என்றார். அங்கேதான் தொடங்கினோம் என்றேன்.

அண்ணி பாட்டிலை எடுத்து முந்தானையால் தூசி துடைத்தார்.

“அன்னிக்கு மலையேறும்போது, என் கணக்கு தப்பாப் போவணும்னுதான் சாமிய வேண்டிக்கினு வந்தேன்” என்றார்.

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினார். அண்ணி பாட்டிலை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.