ஹாங்காங் நம்பர்

நேற்று என் கைபேசியில் 852 என்று தொடங்கும் அழைப்பு வந்து, எடுப்பதற்குள் நின்றுபோனது. அது ஹாங்காங் நம்பர். உடனே சூலூர் எஸ்.டி.டி. பூத்தின் புழுக்கமும் அம்மாவின் பவுடர் வாசமும் என்னைச் சூழ்ந்துகொண்டன.

அப்பா ஹாங்காங்கில் துணிக் கம்பெனியில் இருந்தார். பிரிட்டிஷ்காரர்கள் அந்த ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்தால் போன் நம்பரெல்லாம் மாறிவிடும் என்று யாரோ சொல்ல, அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. ஒப்படைத்த மறுநாள் காலையிலேயே என்னையும் கூட்டிப்போய் அதே நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது.

“ஏனுங்க, லைன் கிடைச்சிருச்சுங்க!”

“நம்பரை மாத்தலை அம்மணி, கொடியைத்தான் மாத்தியிருக்காங்க. இங்க ஒரே மழை, கேளு.”

அப்பா ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அம்மா கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு என் காதில் வைத்தாள்.

“கேளு கண்ணு, அப்பா ஊட்டு மழை.”